சிவப்புச் சீட்டு

யோசிந்தா அம்மாவுக்கு,

உங்கள் கடைசி வீடியோ வந்த அன்று எங்கள் கொட்டகையில் நான்கு பேர் இருந்தோம். முதலாளியம்மா இபு ரத்மி கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். புகார்களுக்குப் பதில் எழுதும் லிஸ்தியா கணினிக்கு முன்னால். ஜாடி கழுவும் சுகிர்மான் பெரியவர் தொட்டியின் விளிம்பில். பார்சல் கட்டும் எண்டாங் ஆகிய நான், டேப் சுருள்களுக்கு நடுவே என் முக்காலியில். எதையும் வரிசையாகச் சொல்வது என் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாங் ஊரில் பதினோரு வருடமாக ஸ்ரீகாயா ஜாம் ஜாடிகளுக்கு மேல் உறை சுற்றிப் பெட்டியில் கட்டி அனுப்புகிறேன். தினமும் நூறு பெயர்களாவது என் கையால் எழுதப்பட்டுப் போகின்றன. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பெட்டியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வீட்டில் நான் ஒருத்திதான்.

எல்லாப் பெட்டியிலும் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். ‘பிரிக்கும்போது வீடியோ எடுக்கவும். வீடியோ இல்லாத புகாரை ஏற்கமாட்டோம்.’ உடைந்து போனால் அந்த வீடியோ லிஸ்தியாவுக்கு வரும். அவள் எனக்கு அனுப்பிவைப்பாள். "பாத்துத் திருத்திக்கோ எண்டாங் அக்கா, உன் கைவண்ணம்" என்பாள்.

முதலில் வந்தவை தானாக உடைந்தவைதான். போனைத் தண்ணீர் தம்ளரில் சாய்த்து வைத்து, சோறு சாப்பிட்டபடி பார்த்தேன். யார் யாருடைய சமையலறைகளோ. பின்னால் யாரோ இருமுவார்கள், யாரோ சிரிப்பார்கள். ஒரு வாரம் எந்த வீடியோவும் வராதபோது சோறு இறங்கவில்லை. அதன்பிறகு சில பெட்டிகளில், ஜாடி உடையாமல் சுற்றும் குமிழித்தாளை ஒரு சுற்று குறைத்துக் கட்டினேன்.

ஆனால் ஜாடி முழுதாக உடைந்தால் வீடியோ நாற்பது நொடிதான். கூரியர்காரரைத் திட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். விளிம்பில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே கிடந்தால், மூடியைத் திறந்து, ரொட்டியை எடுத்து வந்து, வீட்டார் எல்லோரும் கூடிய பிறகுதான் தெரியும். அதனால் மூடியைக் கழற்றி, டேப் வெட்டும் இரும்பால் விளிம்பில் ஒரு தட்டு. திரும்ப மூடி, உறை சுற்றிவிடுவேன். சில்லு ஓர் அரிசி அளவுதான். அதைத் தாண்டி நான் போனதே இல்லை.

உங்களுக்கு மூன்று முறை அனுப்பினேன். முதல் ஜாடி உடைந்து கசிந்தது. அந்த நீல மேசை, ஜன்னல், மேசை விளிம்புக்கு மேல் உங்கள் ரீக்குஸின் கண்கள். "அம்மா, ஜாடி அழுவுது" என்றான். "அழட்டும், நீ கைய வைக்காத" என்றீர்கள். பதிலுக்கு அனுப்பிய இரண்டாவதில் சில்லை நீங்களே பார்த்துவிட்டீர்கள். "நல்லவேளை கண்ணுல பட்டுது. பாவம், கட்டினவங்க என்ன பண்ணுவாங்க" என்றீர்கள். என்னைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன்.

மூன்றாவதில் நீங்கள் கரண்டி எடுக்கத் திரும்பினீர்கள். ரீக்குஸ் விரலை விட்டு வழித்து வாயில் வைத்தான். விழுங்கிவிட்டு இருமினான். போன் கீழே விழுந்து கூரையையே காட்டிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. நான்கு நிமிடம். ஒன்பதாம் நாள், இரண்டாவது அறுவைக்குப் பிறகு, பிள்ளை போய்விட்டான் என்று உங்கள் தம்பி அந்த வீடியோவோடு எழுதியிருந்தார்.

லிஸ்தியா அதை வாசித்து முடித்ததும் இபு ரத்மி எழுந்து தொட்டியருகே போனார். "கண்ணு தெரியலன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, பெரியவரே?"

"கண்ண நம்பியா கழுவறேன், இபு? ஒவ்வொரு விளிம்பையும் விரலால தடவித்தான் வைக்கிறேன். சில்லு போயிருந்தா விரல் கிழிஞ்சிருக்குமே."

"விரலத் தூக்கிக் காட்டினா போன உசிரு வந்துடுமா?" என்றாள் லிஸ்தியா.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "எண்டாங், நீயாவது சொல்லேம்மா."

நான் டேப்பை வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பெட்டி பாதியில் நின்றது.

மறுநாள் அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். இன்னும் விடவில்லை. அவர் கழுவிய ஜாடி எதிலும் குறையில்லை. தட்டியது நான். சில்லு உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மூடினேன். உங்கள் வீட்டில் ஒரு குழந்தை இருப்பதும் எனக்குத் தெரியும். இதையே எழுதி நிலையத்துக்கும் அனுப்பிவிட்டேன். நாளை என்னைத் தேடி வருவார்கள். உங்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. உங்கள் வீட்டாரை என் வீட்டாராகத்தான் நினைத்தேன்.

"ஒரு கடுதாசிக்குப் பெட்டி எதுக்கு அக்கா?" என்று லிஸ்தியா கேட்கிறாள். உறையில் போனால் கசங்கும் என்றேன். குமிழித்தாள் இரண்டு சுற்று வைத்திருக்கிறேன், எதுவும் ஆகாது. வாசலில் கூரியர்காரர் ஹாரன் அடிக்கிறார். இதை மடித்து உள்ளே வைத்து மூட வேண்டியதுதான் பாக்கி.

பழக்கதோஷத்தில் மூடிமேல் சிவப்புச் சீட்டையும் ஒட்டிவிட்டேன். பிய்த்தால் அட்டை கிழியும், அதனால் விட்டுவிட்டேன். அதில் உள்ளபடி வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தாதீர்கள். முடிந்தால் இதை அந்த நீல மேசைமேல் வைத்துப் படியுங்கள்.

எண்டாங்