சுளுக்கு

டோனல் புட்டுச் சாப்பிடும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அயர்லாந்துக்காரன். கையால் குழைத்துச் சாப்பிட எங்கள் வீட்டில்தான் பழகினான், ஆனால் ஒரு துகள்கூடச் சிந்தமாட்டான். அப்படி ஒரு கை அவனுக்கு.

அவனுடைய ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹேர்லிங் என்பார்கள். தட்டை முனையுள்ள மட்டையால் சின்னத் தோல்பந்தை அடிப்பது. பந்து தலைக்கு மேலே வரும்போது, மற்றவர்களின் மட்டைகள் சுழல்வதற்கு நடுவே வெறுங்கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். சிட்னியின் லிட்கம் பக்கத்தில் அவனைப்போலப் பிடித்தவர் ஒருவருமில்லை. எழுபத்து மூன்றில் சிட்னிக்கு வந்து கட்டட வேலை செய்தான். நான் பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய கிளப்புக்கும் நான்தான் டாக்டர். கிரவீனில் எங்கள் வீட்டுப் பின்னறை சும்மா கிடந்தது, பிள்ளைகளும் இல்லை. அவனை வந்து இருக்கச் சொன்னேன்.

என்னை "மகேன் அண்ணை" என்று கூப்பிடுவான். ஆஸ்பத்திரியில் என் பெயரை முழுதாகச் சொல்லப் பஞ்சிப்பட்டு முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் அதிகம். அந்த "அண்ணை" எனக்குப் பெரிய விஷயம். தமிழ் சொல்லிக்கொடுத்தது என் மனைவி சந்திரவதனா. வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும் என்பது முதல் பாடம். ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவான்.

எழுபத்தாறு மார்ச்சில் அவனுடைய ஊரிலிருந்து போன் வந்தது. மாவட்ட அணியில் இடம். அந்த ஆட்டக்காரர்களுக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. குசினிக்குள் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"அண்ணை, நான் போறன்!"

சந்திரவதனா சிரித்தாள். "போட்டு வாறன் எண்டு சொல்லு தம்பி. போறன் எண்டால் திரும்பி வரமாட்டாய் எண்டெல்லோ அருத்தம்."

"ஓம், ஓம், போறன்," என்று அவளையும் பிடித்துக் குலுக்கினான்.

சந்தோஷத்தில் வாய் தடுமாறிவிட்டது என்றாள் அவள். மூன்று வருடம் பிழைவிடாத வாய் அன்றைக்கு மட்டும் பிழைவிடுமா? மனதில் இருந்ததுதான் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கூடப்பிறந்தவனைப்போல வைத்திருந்தோம். எங்களை விட்டுப்போக அவனுக்கு அரை நிமிட யோசனைகூடத் தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில், பந்து பிடிக்கும் அந்த வலது கையின் மணிக்கட்டில் மட்டை பட்டது. நானே எக்ஸ்ரே எடுப்பித்தேன். பெருவிரல் பக்கம், மணிக்கட்டுக்குள், ஒரு சின்ன எலும்பு உண்டு. அதில் மயிரிழை அளவு வெடிப்பு. மாவுக்கட்டுப் போட்டுவைத்தால் பொருந்திவிடும். அசைத்துக்கொண்டே இருந்தால் இரத்தம் போகாமல் எலும்பு செத்துவிடும்.

முறிவா என்று கேட்டான். சுளுக்கு என்றேன்.

மாவுக்கட்டுப் போட்டால் அது ஒருநாள் அவிழும். அவிழ்ந்தால் போய்விடுவான். அதனால் பின்னேரங்களில் நல்லெண்ணெய் சூடாக்கி, நானே அவன் மணிக்கட்டைத் தடவி, வளைத்து, சுழற்றிவிட்டேன். முகம் வெளிறும், கையை இழுக்கமாட்டான். முடிந்ததும் "நன்றி அண்ணை" என்பான். அப்போதும் அவன்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த வலியோடும் போவான் என்று நான் நினைக்கவில்லை. மே மாதம் விமானம் ஏறிவிட்டான். அங்கே முதல் ஆட்டத்தில், ஊரே பார்த்திருக்க, உள்ளங்கைக்குள் வந்த பந்து நழுவி விழுந்ததாம். அடுத்த ஆட்டத்துக்கு அவனை எடுக்கவில்லை. இனி ஒரு தேநீர்க் கோப்பையைக்கூட அந்தக் கையை நம்பித் தூக்கமுடியாது என்று அங்குள்ள டாக்டர் சொன்னதாக இந்த விசாரணையில் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

எதையும் நான் மறுக்கவில்லை. வெடிப்பைப் பார்த்தேன். மறைத்தேன். எலும்பு சாகும்வரை தடவிவிட்டேன்.

ஆனால் சற்று முன் நீங்கள் சொன்னதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. வேலையிடத்தில் அவன் நான்கு மாத லீவுதான் கேட்டிருந்தானாம். ஆட்டங்கள் முடிந்ததும் எங்கள் பின்னறைக்கே திரும்பி வருவதாகக் கிளப்பில் எல்லோருக்கும் சொல்லியிருந்தானாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. பாருங்கள், அதிலும் என்னை ஏமாற்றிவிட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாவுக்கட்டுப் போட்டிருப்பேனே.