பதினேழு பொம்மைகளும் இலவம்பஞ்சும்

பீங்கான் பொம்மையில் தூசி படிந்தால் ஈரத்துணி போடக் கூடாது. கோழி இறகால் மெல்லத் தட்ட வேண்டும், அதுவும் மேலிருந்து கீழாக. வாருங்கள் இன்ஸ்பெக்டர், உட்காருங்கள். பூட்ஸைக் கழற்ற வேண்டாம், காலை மட்டும் மெதுவாக எடுத்து வையுங்கள்.

என் தம்பி தனசேகர் கிணற்றில் மண் சரிந்து செத்ததை விபத்து என்று எழுதி முடிக்கக் கையெழுத்து வாங்க வந்திருக்கிறீர்கள். போட்டுத் தருவதில் சிரமம் இல்லை. ஆனால் அவன் மனைவி அமுதவல்லி, தம்பி பங்கு நிலத்தின் மேல் எனக்குக் கண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திருச்செங்கோட்டில் மூன்று ரிக் லாரி வைத்துப் போர்வெல் போடுகிறவன் நான். அந்த வறண்ட நாலு ஏக்கருக்கா ஆசைப்படுவேன்? இந்த அபாண்டத்தை அப்படியே விட எனக்கு மனமில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அலமாரி நடுவில் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான் முதலில் வந்தவள். புதுச்சேரியில் ஒரு பழைய பங்களாவுக்குப் போர் போட்டபோது, பரணில் கிடந்தவளை வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்தார். பிரான்சில் செய்தது, இருநூறு வருடத்துக்கு மேல் இருக்கும். அந்தச் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள், அரிசி முனை அளவுதான். ஆடு மேய்க்கிறவளுக்கு அப்படி ஒரு நகம். நம் காட்டில் ஆடு மேய்க்கும் கந்தம்மாளின் நகத்தையும் பார்த்திருக்கிறேன். அதை யாரும் அலமாரியில் வைக்க மாட்டார்கள்.

அவளுக்குத் துணையாகப் பன்னிரண்டு வருடத்தில் இன்னும் பதினாறு பேரைத் தேடிப் பிடித்தேன். அமுதவல்லி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதெல்லாம் கொலு வெக்கறதுக்குங்களா?" என்று கேட்டாள். மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு மன்னித்துவிட்டேன்.

எனக்குக் கைராசி உண்டு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தால், தண்ணீர் இருக்கும் இடத்தில் அது எழுந்து நிற்கும். போர் போடுவதற்கு முன் இடம் பார்க்க நாமக்கல்லிலிருந்துகூட என்னைக் கூட்டிப் போவார்கள். போன பங்குனியில் தனசேகரின் தென்னை மட்டைகள் காய்ந்து தொங்க ஆரம்பித்தன. அவனுக்கும் பார்த்துக் கொடுத்தேன். இந்த அறையின் பின்சுவருக்கு அப்பால், அவன் பங்கில், பதினைந்தடி தூரத்தில் தேங்காய் எழுந்தது. அவ்வளவு விசையாக அது எழுந்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் அங்கே ரிக் ஓடினால் இந்தச் சுவர் என்ன ஆகும்? பொம்மைகளைக் கட்டி வேறு இடத்தில் வைத்திருக்கலாமே என்பீர்கள். கட்டும்போதும் அவிழ்க்கும்போதும்தான் விரல் உடைகிறது. அதனால் மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். தேங்காய் படுத்துக்கொண்டது.

"இங்க தண்ணி இல்ல சாமி. கெழக்கு மூலைக்குப் போலாம்" என்றேன்.

"உங்க கைக்கு மேல என்னங்ணா இருக்குது" என்றான்.

கிழக்கு மூலையில் ஆயிரத்து நூறு அடி இறக்கினோம். வெறும் கல்மாவு பறந்தது. தெற்கு மூலையிலும் அதேதான். இரண்டுக்கும் என் வண்டிதான், டீசலுக்குக்கூட வாங்கவில்லை. தெற்கு மூலையில் ரிக்கை நிறுத்தியபோது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

போர் கைவிட்டதால், இந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழைய கிணற்றை ஆழப்படுத்தத் தொடங்கினான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வரவில்லை, அமுதவல்லி மகள் தனப்பிரியாவோடு ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவன் தனியாக இறங்கினான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தரை ஒருமுறை உலுக்கியது. கண்ணாடிக் கதவு கிணுகிணுத்தது, ஆட்டுக்காரி அரை அங்குலம் நகர்ந்துவிட்டாள். கிணற்றின் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொண்டேன். தொழில்காரன் அல்லவா.

பெரியப்பாவுக்குச் சத்தமே கேட்கவில்லையா என்று தனப்பிரியா கேட்டாளாம். கேட்காமல் என்ன? "அண்ணா... காலு கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சுங்ணா... ஓடியாங்க" என்றான். தெளிவாகவே கேட்டது. "இருடா சாமி, வாரேன்" என்று நானும் குரல் கொடுத்தேன். கண்டுகொள்ளாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் ரிக் லாரி நின்றது, அதில் இரும்புக் கயிறும் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் சரிந்த கிணறு மறுபக்கமும் சரியும். அடுத்த உலுக்கலை இவர்கள் தாங்க மாட்டார்கள்.

இலவம்பஞ்சை எடுத்து ஒவ்வொருவராகச் சுற்றினேன். முதலில் விரல்களுக்கு, பிறகு கழுத்துக்கு, அதன் மேல் பழைய வேட்டித் துணி. அவசரப்பட்டால் கெட்டுப்போகும் வேலை. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், நானும் நடுநடுவே வாரேன் வாரேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினோராவதைச் சுற்றும்போது மறுபடியும் தரை உலுக்கியது. நான் கணித்தது சரியாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

ஆறு மீதி இருந்தன. அவற்றையும் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்து, கை கழுவிக்கொண்டுதான் கிணற்றுக்குப் போனேன்.

மறுநாள் தம்பியை மயானத்துக்கு எடுத்துப் போய்விட்டு வந்து, குளித்து, எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தேன். பதினேழு பொம்மைகளில் ஒரு விரல்கூட உடையவில்லை. இதில் நிலத்தாசை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.