அவளாக இருக்காது என்றுதான் சொன்னேன்

வாஷிங் மெஷின் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. பின்பக்கம் ஒரு ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்காவது இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய் மடங்கி, நாளடைவில் விரிசல் விட்டுவிடும். கடையில் எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். என் வீட்டிலும் இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன். ஊருக்கு ஒன்று சொல்லி வீட்டில் வேறொன்று செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கச் சொன்னீர்கள், மேடம். அதனால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடையில் தவணை மேசை என்னுடையது. மொத்தப் பணம் இல்லாதவர்களை என் முன்னால் உட்காரவைப்பார்கள். அடையாள அட்டையின் நகலை வாங்கி, ஒரு போட்டோ எடுத்து, நிதி நிறுவனத்தின் செயலியில் ஏற்றுவேன். அட்டையோடு இணைத்திருக்கிற அவர்கள் ஃபோனுக்கு ஒரு எண் வரும். அதைக் கேட்டுப் போட்டால் முடிந்தது. ஒரு காபி குடிக்கிற நேரத்தில் ஒருவர் கடனாளி ஆகிவிடுவார். சிரித்துக்கொண்டே ஆவார். அது ஏனோ எனக்குப் பழகவே இல்லை. அப்பா வாங்கிய கடனுக்காக வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அப்பா ஒரு நாள் வீட்டை விட்டுப் போனார், திரும்பவில்லை. அம்மா இறந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனை நான்தான் ஆளாக்கினேன். எனக்கு இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இதை ஒரு தியாகம் என்று யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. அவனிடம் மட்டும் எப்போதாவது சொல்லியிருப்பேன்.

தம்பி பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தான். மெழுகில் பல் செதுக்குவான். யாராவது பேசினால் கண்ணைப் பார்க்க மாட்டான், வாயைத்தான் பார்ப்பான். அந்தக் கூடத்தில் பல்லுக்கு நிறம் பொருத்துகிற பெண் ஒருத்தி இருந்தாள். தலைமுடியை வைத்து அவளைச் சுருட்டை என்று கூப்பிடுவான். நல்ல பெண்தான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். அவளைப் பற்றி ஒரு குறையும் நான் சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அவள்தான் வேறு ஊரில் இருந்த பெரிய கூடம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேருக்குமே வேலை கிடைத்தது. அங்கே வீடு வாடகைக்கு வேண்டுமென்றால் முன்பணத்தைக் கிரெடிட் கார்டில்தான் கட்ட வேண்டுமாம். குடியிருக்கப்போகிற ஒவ்வொருவர் பெயரிலும் கடன் பதிவு எப்படி இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பார்களாம். தம்பி வங்கிக்குப் போனான். துணைக்கு நானும் போனேன்.

இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு ஃபைலுமாக வரிசையில் அவன் வயதுப் பிள்ளைகள்தான் நிறைய. கவுன்ட்டரில் இருந்த பெண்ணும் அதே வயதுதான்.

“சார், உங்க பேர்ல கடன் வரலாறே இல்லை.”

“நான் கடனே வாங்கினதில்லைங்க. அப்புறம் எப்படி வரலாறு இருக்கும்?”

“அதான் சார் பிரச்சினை. வேற யாராவது முதல்ல குடுத்திருந்தா நாங்களும் குடுப்போம்.”

“எல்லாரும் இதையே சொன்னா முதல்ல யாருங்க குடுப்பா?”

அவள் நல்லவிதமாகச் சிரித்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். எழுந்து வந்த பையனும் திரும்பிப் போனான். அவனுக்கு அடுத்தவனும்.

அன்று சாயங்காலம் தம்பி எங்கும் போகவில்லை. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். “போகட்டும் அக்கா, இங்கயே இருந்துடறேன்” என்றான். டிவி பார்த்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். தோள் மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. அவனுக்குக் கிடைக்கவில்லை என்று வருத்தம்தான். ஆனால் அந்தச் சாயங்காலம் நன்றாக இருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சுருட்டையையும் அதே வங்கி திருப்பி அனுப்பியிருந்தது. ஆனால் அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. தவணையில் ஒரு ஃபோன் வாங்கினாள், தேதி தவறாமல் கட்டினாள், சில மாதங்களில் கார்டு வந்துவிட்டது. துள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். “நீயும் இதையே பண்ணு, அவ்வளவுதான் விஷயம்” என்று அவனிடம் சொன்னாள். அவனும் சரி என்றான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பழைய மெஷின் அப்போது கெட்டுப்போயிருந்தது. தண்ணீர் கீழே ஒழுகும். புதிது ஒன்று தேவைதான். தம்பி குளித்துக்கொண்டிருந்தபோது அவன் ஃபோனுக்கு வந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேன். அவன் அட்டையின் நகல் எப்போதுமே என்னிடம் உண்டு. போட்டோவும் உண்டு. தொடர்பு எண் என்ற இடத்தில் என்னுடைய பழைய எண்ணைக் கொடுத்தேன். மெஷின் வீட்டுக்கு வந்தது. கடையில் சலுகை விலைக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னேன். “செம்மயா இருக்கு அக்கா” என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தான்.

முதலில் வந்த தவணைகளைக் கட்டினேன். பிறகு நிறுத்திவிட்டேன். கையில் பணம் இல்லாமல் அல்ல. மறந்துபோயும் அல்ல. வசூல்காரர்கள் கூப்பிட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அதற்குப் பிறகு அவன் தவணைக்கு ஃபோன் கேட்டாலும், எந்த வங்கிக்குப் போனாலும் இல்லை என்றார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். ஒரு குறுஞ்செய்தி வரும், அதில் வருந்துகிறோம் என்று இருக்கும். “எத்தனை பேங்க் எனக்காக வருந்துது பாரு அக்கா. செத்தாக்கூட இவ்வளவு பேர் வருந்த மாட்டாங்க” என்பான். இரண்டு பேரும் சிரிப்போம். நான் அவனைத் தளரவிடவில்லை. இந்த வங்கி இல்லையென்றால் அந்த வங்கி, போய்ப் பார், முயற்சி பண்ணுகிறவனுக்கு என்ன கேடு என்று தைரியம் சொல்வேன். ஒவ்வொரு தடவை விண்ணப்பிக்கும்போதும் பதிவில் அதுவும் ஏறும், கடன் கொடுக்கலாமா என்று பார்க்கிற மதிப்பெண் இன்னும் குறையும் என்று நிதி நிறுவனத்துக்காரர் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார். தம்பிக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சுருட்டை முடிந்தவரைக்கும் காத்திருந்தாள். அந்தக் கூடத்தில் கெடு வைத்துவிட்டார்கள், அவள் மட்டும் கிளம்பினாள். தம்பி பஸ் ஏற்றிவிட்டு வந்து சட்டையைக் கழற்றி மெஷினில் போட்டான். அது ஓடி முடிகிறவரைக்கும் அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

அவன் செதுக்கிய பற்களை முதலாளி திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். கடி பொருந்தவில்லை என்றாராம். வேலையும் போனது. எனக்கு அதில் பயம் ஒன்றும் இல்லை. என் சம்பளம் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். வீட்டைப் பெருக்கினான், கடைக்குப் போய் வந்தான், நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பான். யாரிடமும் பேசுவதில்லை. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, “நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு எல்லா கம்ப்யூட்டர்லயும் எழுதி வச்சிருக்காங்க போல” என்றான். சிரிக்கவில்லை. உன்னை யார் கைவிட்டாலும் நான் இருக்கிறேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கணத்தில் நான் செய்ததில் ஒரு தவறும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, மேடம்.

தன் கடன் பதிவை வாங்கிப் பார்க்கலாம் என்று அவனுக்குச் சொன்னவளும் சுருட்டைதான், ஃபோனில். அவன் வாங்கிவிட்டான். நான் அடுப்பில் வேலையாக இருந்தபோது ஃபோனை நீட்டினான்.

“அக்கா, யாரோ என் பேர்ல கடன் வாங்கிட்டுக் கட்டாம விட்டிருக்காங்க. யாரா இருக்கும்?”

“உன் அட்டை காப்பி யார் யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டேன்.

“உன்கிட்ட இருக்கு. முதலாளிகிட்ட இருக்கு.” நீட்டிய ஃபோனைத் தாழ்த்தினான். “சுருட்டைகிட்ட இருக்கு. ரூமுக்கு எழுதிப்போட வாங்கினா. என் ஃபோனும் பாதி நேரம் அவ கையிலதான் இருக்கும்.”

“சே, அவளா இருக்காது” என்றேன்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் குழம்பைக் கிளறினேன். “அவளுக்கு மட்டும் கார்டு எப்படிக் கிடைச்சுது?” என்று அவனேதான் கேட்டான். “அவளா இருக்காதுப்பா” என்று மறுபடியும் சொன்னேன். அவள்மேல் நான் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

புகார் கொடுக்க வந்தபோது நானும் கூட வந்திருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவன்தான் எழுதினான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதும் இடத்தில் எழுத்து கோணியது. சரியாக எழுதச் சொன்னேன்.

அவளை விசாரணைக்கு வரவழைத்தீர்கள். அந்தக் கூடத்தில் பல்லுக்குத் தங்கம் புழங்குகிறது, போலீஸ் கூப்பிட்ட ஆளை அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. அவள் வேலை போனது. வாடகைக்கு எடுத்த அறையும் போனதாகக் கேள்விப்பட்டேன். பெட்டியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தம்பி உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

“நான் அப்படிச் செய்வேன்னு நீங்க நம்புறீங்களா அக்கா?”

“இல்லம்மா” என்றேன். அதுவும் உண்மைதான்.

முகம் கழுவப் பின்பக்கம் போனாள். மெஷினைப் பார்த்தாள். “இது எப்ப வாங்கினீங்க?” என்றாள். கடையில் கொடுத்தது என்றேன். சுவருக்கும் மெஷினுக்கும் இடையில் குனிந்து ரொம்ப நேரம் நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து நான் நகர்ந்துகொண்டேன். பின்பக்கம் ஒட்டியிருந்த வரிசை எண்ணைப் படம் எடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி. அன்றைக்கே எனக்கு அவள்மேல் ஒரு மதிப்பு வந்திருக்க வேண்டும்.

நிதி நிறுவனத்தின் பில்லில் இருந்த எண்ணும் அதுவும் ஒன்று என்று நேற்று இந்த அறையில் நீங்கள் தம்பிக்குக் காட்டினீர்கள். அந்தப் பெண் அழுதாள். அவன் அழவில்லை. என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. பள்ளிக் கட்டணம், அவன் காய்ச்சலில் கிடந்த நாட்கள், அம்மா கடைசியில் என் கையில் அவன் கையை வைத்தது, எல்லாம். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“மொத தடவையும் நீதானா அக்கா?”

“இல்லப்பா. மொத தடவை பேங்க்லயேதான் இல்லைன்னாங்க.”

“சரி” என்று தலையாட்டினான். கொஞ்சம் சிரித்தது போலக்கூட இருந்தது. அவள் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வெளியே போனான்.

நீங்கள் எழுதியிருக்கிற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் பெயரில் கடன் வாங்கியது நான். கட்டாமல் விட்டது நான். அந்தப் பெண்ணுக்கு இதில் சம்பந்தம் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

மேசையில் வைத்திருக்கிற செருப்பு அவனுடையதுதான். இடது காலில் வார் தைத்திருப்பதை வைத்துச் சொல்கிறேன். பாலத்தின் கைப்பிடி ஓரமாக ஜோடியாக இருந்தது என்கிறீர்கள். எதையும் ஒழுங்காக எடுத்து வைக்கிற பிள்ளைதான், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். ஆற்றில் ஆள் இறங்கித் தேடுவதாக அந்தக் கான்ஸ்டபிள் சொன்னார். பாவம், வீண்வேலை. அவரைக் கரையேறச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டதும் என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது, மேடம். நேற்றிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அவன் வந்து வாசலில் நின்றுகொண்டிருப்பான். வேறு எங்கே போவான்? எந்த ஊரிலும் யாரும் அவனுக்கு வீடு தர மாட்டார்கள். அதற்காகத்தானே இத்தனையும் செய்தேன்.