அஞ்சாவது ஜோடி

உக்காரு தம்பி, எழுந்துக்காத. பதில் சொல்லித்தான் அனுப்புவேன். வண்டிக்கு கேஜ் போடறதா வேணாமான்னு ஒரு வார்த்தை கேக்க ஸ்ரீபெரும்புதூர்லருந்து ஆம்பூர் வரைக்கும் வந்திருக்க. போன்ல கேட்டா பாய் மழுப்பறாருன்னுதானே நேர்லயே வந்துட்ட? தப்பில்ல. ஒருத்தன் பழைய எஸ்டீம் காரு ஒண்ண கொண்டாந்து உன் ஷெட்ல நிறுத்திட்டு, இன்னா பண்றதுன்னு சொல்லாம இழுத்துனே இருந்தா யாருக்குத்தான் பேஜாரா இருக்காது. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, கீழ மெஷின் ஓடல, ஆளுங்களும் இல்ல. நிம்மதியா பேசலாம். அந்த ஷூ அப்பர் தோல் கட்ட அப்டியே கீழ தள்ளிட்டு நல்லா சாஞ்சு உக்காரு.

வெல்டிங் ஆளு புதன்கெழம வர்றானா? தெரியும், தெரியும், நீ மெசேஜ் போட்டத பாத்தேன். அவன உட்டா மறுபடி கெடைக்க மாட்டான், ரேஸுக்குப் பேர் குடுக்கற தேதியும் போயிடும், அதானே? கேட்டுக்கினுதான் இருக்கேன் வசந்து.

என் வீட்ல ரஃபத்தும் இதே கேள்விதான் கேட்டா. கேஜ் இல்லாம ட்ராக் டே போறதுக்கும் கேஜ் போட்டு ரேஸ் ஓட்றதுக்கும் இன்னா வித்தியாசம்னு. நான் சொன்னேன், ட்ராக் டேன்னா காச கட்டிட்டு உள்ள போவணும், நம்ம வண்டிய நாம ஓட்டிக்கணும், பின்னாடி வேகமா வர்றவனுக்கு வழி உடணும். எவனும் ஜெயிக்கறதும் இல்ல தோக்கறதும் இல்ல. சாயங்காலம் அதே வண்டில வூட்டுக்கு வந்துடலாம். ரேஸுன்னா அப்டி இல்ல. சீட்டு கீட்டெல்லாம் கழட்டிட்டு உள்ள இரும்புக் குழாய்ல கூடு கட்டிடுவாங்க, அதான் கேஜ். லைசன்ஸு, டாக்டர் சர்டிபிகேட்டு எல்லாம் வேணும். எல்லா வண்டியும் ஒண்ணா கெளம்பும், இடிச்சாலும் இடிப்பான். அதுக்கப்பறம் அந்த வண்டிய ரோட்ல எடுக்க முடியாது, ஒரு வலீமா விருந்துக்குக்கூட உன்ன கூட்டினு போவ முடியாதுன்னேன். அப்ப எதுக்கு அந்த சனியன்னு கேட்டா. நியாயமான கேள்விதான், இன்னா சொல்ற.

மக்பூல் அகமதும் அதான் சொன்னான். பாத்திருப்பியே, வாணியம்பாடில தோல் கெமிக்கல் ஏஜென்சி வச்சிருக்கானே, என் தோஸ்த். ஒருவாட்டி ட்ராக்குக்கு வந்து வெயில்ல மயக்கம் போட்டானே, அவன்தான். பாஷா, உனக்கு நாப்பத்தெட்டு வயசு, எந்தப் பையன்கூட போட்டி போடப் போற, பேசாம ட்ராக் டேவோட நிறுத்திக்கோ, ஆசைக்கு ஆசையும் ஆச்சு, வண்டிக்கு வண்டியும் ஆச்சுன்னான். கேட்டா சரியாத்தான் தோணுது. ஆனா எனக்கு இன்னான்னா, ட்ராக் டேவுக்குப் போய்ட்டு வர்றது கல்யாண வூட்டுக்குப் போயி மொய் வச்சுட்டு சாப்புடாம வர்ற கணக்கு. போனமா, போனோம். வந்தமா, வந்தோம். வயிறு காஞ்சினு கெடக்கும்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். நான் ஷூ கம்பெனி கட்டிங் செக்ஷன்ல சின்ன ஆளா இருந்தப்போ, சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருத்தரு ரேஸ் பாக்கணும்னாரு, முதலாளி என்ன கூட அனுப்பிச்சாரு. அந்த செவப்பு லைட்டு வரிசையா எரிஞ்சு அணைஞ்சுது பாரு. அத்தன வண்டியும் ஒரே நேரத்துல எகிறிச்சு. நான் கம்பிய புடிச்சினு எழுந்து நின்னுட்டேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அன்னிலருந்து ஒரே நெனப்பு, அந்த கும்பல்ல நானும் நிக்கணும். கடைசியா வந்தாக்கூட பரவால்ல, கடைசில வர்றதுக்கும் ஒரு ஆள் வேணும்ல? தம்பிங்கள படிக்க வச்சேன், தங்கச்சி கல்யாணம், சொந்தமா இந்த யூனிட்டு, அப்டியே தள்ளித் தள்ளிப் போச்சு. மத்தபடி எனக்கு வேற ஆசையே கெடையாது. பீடி சிகரெட்டு கெடையாது, ஊர் சுத்தற பழக்கம் கெடையாது.

ரஃபத்தா? அதாம்பா இப்ப வயித்தெரிச்சலே. அவ ஒத்துக்கிட்டா.

ஆமா! உனக்கு சொல்லலல்ல. இத்தன நாளா பேச்செடுத்தாலே மூஞ்ச திருப்பிக்குவா. போன மாசம் இஸ்திகாரா தொழுதுருக்கா. அதான், ஒரு காரியம் செய்யலாமா வேணாமான்னு கொழப்பம் வந்தா ராத்திரில தொழுதுட்டு அல்லாகிட்ட கேட்டுட்டுப் படுப்பாங்க, மனசு எந்தப் பக்கம் சாயுதோ அதான் நல்லது. எங்க வூட்ல பொண்ணு பாக்கறதுன்னாலும் எடம் வாங்கறதுன்னாலும் அவதான் கேட்டு சொல்லுவா. காலைல எழுந்து சேமியா கிளறினே சொல்றா, ரேஸே ஓட்டுங்க, ஒரே ஒரு வருஷம், அதுக்கப்பறம் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. எனக்குக் காதுல உழுந்தது நெசமான்னே தெரியல. அதோட உட்டாளா? நானும் வந்து பாக்கலாமா, பொம்பளைங்கள உள்ள உடுவாங்களான்னு கேக்கறா. வசந்து, கல்யாணமாயி இருவத்திரண்டு வருஷத்துல அவ என்கிட்ட கேட்டு நான் இப்டி தலைய குனிஞ்சினு நின்னதே இல்ல. இப்ப அவ அக்கா தங்கச்சி எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிட்டா. குடியாத்தத்துல இருக்கற என் மச்சினன் சட்டை அடிச்சுத் தர்றேங்கறான், பின்னாடி என் பேரு போட்டு.

அப்ப இன்னாதான் தடங்கல்னு கேக்கற. கேளு, கேளு, உனக்கு உரிமை இருக்குது.

பிரேக்குதான்.

ஐயோ, கோச்சுக்காத, உன்ன சொல்லல. நீ எத்தினிவாட்டி பாத்த, எனக்குத் தெரியாதா. பெடல் பஞ்சு மாதிரி இருக்குதுன்னேன், ஆயில மாத்துன. மறுபடியும் அப்டியே இருக்குன்னேன், பிரேக் பேட மாத்துன. அப்பறம் அந்த மாஸ்டர் சிலிண்டர கழட்டிப் புதுசு போட்ட. நீயே ஓட்டிப் பாத்துட்டு, பாய், கல்லு மாதிரி நிக்குது வண்டின்னு சொன்ன. நான் போயி ஒக்காந்து ஓட்டுனா, நேர் ரோடு முடிஞ்சு மொத திருப்பம் வருதே, அங்க ஒண்ணு கம்மியா மெறிச்சு மண்ணுல போய் எறங்கறேன், இல்ல ஜாஸ்தியா மெறிச்சு டயர தேய்க்கறேன். உன்ன வேற சத்தம் போட்டேன். நீ மறுபடி ஸ்பேனர எடுத்துனு போன.

அப்பறம்தான் எனக்கு ஷூ மேல சந்தேகம் வந்துச்சு. எங்க ஊர்ல அப்டித்தாம்பா. முட்டி வலிச்சா ஷூ சரியில்ல, முதுகு புடிச்சா ஷூ சரியில்ல, மாப்ள பொண்டாட்டியோட சண்டை போட்டாக்கூட கால கடிக்குதான்னு பாப்போம். பொறந்ததுலருந்து அதுலயே கெடந்தா வேற இன்னா தோணும்? இந்தக் கையில ஊரு ஒலகத்துக்கு ஷூ செஞ்சிருக்கேன், எனக்கு ஒண்ணு செஞ்சுக்க முடியாதான்னு ஒக்காந்துட்டேன். மொத ஜோடிக்கு ரப்பர் சோல் போட்டேன், மொத்தமா இருந்துச்சு, பெடல் தெரியல. ரெண்டாவதுல தோல் சோல். மூணாவதுல அதையும் சீவி மெல்லிசா ஆக்குனேன். உள்ள வைக்கற மெத்தைய எடுத்துட்டேன். ம்ஹூம். நாலாவதுக்கு கன்னுக்குட்டித் தோலு. அஞ்சாவது ஜோடி இதோ பாரு, புடி, கைய உள்ள உட்டுப் பாரு. அடில வெறும் ஆட்டுத்தோலு, அவ்ளோதான். உன் வெரல அடில தேச்சா ரேகை தெரியும். எங்க கட்டிங் மாஸ்டர் பாத்துட்டு, பாய், இது ஷூவா சாக்ஸான்னு கேட்டாரு.

அதப் போட்டுனு கடைசியா ஓட்டுனேனே, ஞாபகம் இருக்குதா? வண்டிய நிறுத்திட்டு எறங்கி, ஷூவ கழட்டிக் கைல வச்சினு இன்னும் எங்க சீவலாம்னு பாத்துனு நின்னேன். மே மாசம், உச்சி வெயிலு. நீ தூரத்துலருந்து கத்துன, பாய், தார் ரோட்ல வெறுங்கால்ல நிக்கறியே சுடலயான்னு. நான் இன்னா சொன்னேன்? எங்க காலு பதம் போட்ட தோலுடா தம்பின்னேன். நீயும் சிரிச்ச, டயர் மாத்தற பசங்களும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வூட்டுக்கு வந்து ரஃபத்து பாத்துட்டு கத்துறா, அடிக்கால் பூரா கொப்பளம். புது ஷூ கடிச்சிடுச்சுன்னு சொன்னேன். அவளும் நம்பிட்டா. எனக்கே அப்டித்தான் தோணுச்சு தம்பி, பொய் சொல்றேன்னு நெனச்சு சொல்லல.

இரு, முடிச்சிடறேன். லைசன்ஸுக்கு டாக்டர் கையெழுத்து வேணும்னு நீதானே சொன்ன. வேலூர் போனேன். கண்ணு பாத்தாரு, பிரஷர் பாத்தாரு, எல்லாம் ஓகே. சுகர் எத்தன வருஷமான்னு கேட்டாரு. ரொம்ப வருஷமா இருக்கு சார், ஆனா கம்மியாத்தான் இருக்கு, எங்க ஊர்ல யாருக்கு இல்லன்னேன். கால நீட்டுங்கன்னாரு. ஒரு குச்சி எடுத்தாரு, முனைல மீன் புடிக்கற நரம்பு மாதிரி ஒண்ணு. கண்ண மூடிக்கோங்க, நான் தொடறப்போ தொடறப்போ தொட்டீங்கன்னு சொல்லுங்கன்னாரு. சரின்னு கண்ண மூடினேன். காத்துனு இருக்கேன், காத்துனே இருக்கேன். வெளில நர்ஸு யாரையோ கூப்புடறது கேக்குது, ஃபேன் சுத்தறது கேக்குது. பொறுமை போய்டுச்சு எனக்கு. இன்னா சார், இன்னும் ஆரம்பிக்கலயான்னு கேட்டேன்.

முடிஞ்சிடுச்சு பாயின்னாரு.

ரெண்டு காலும். வலது காலு சுத்தமா. சுகர்ல நரம்பு போய்டுச்சாம். மாத்தரை சாப்ட்டா இதுக்கு மேல போவாம பாத்துக்கலாம், போனது வராதாம். ரேஸு வேணாம்னா ட்ராக் டேவாச்சும் ஓட்டலாமா சார்னு கேட்டேன், அவர் கைய புடிச்சினு கேட்டேன், வெக்கத்த உட்டு. காரே ஓட்டாதீங்க, பிரேக்குல கால் இருக்குதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது, ரோட்ல போறவங்கள நெனச்சுப் பாருங்கன்னாரு. இன்னிக்கு ஆட்டோலதான் வந்தேன். வூட்ல கேட்டதுக்கு, ரேஸ் வரைக்கும் பெட்ரோல மிச்சம் பண்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

உன் பிரேக்கு நல்லா இருக்குது தம்பி. மொத நாள்லருந்தே நல்லாத்தான் இருந்துச்சு. அத சொல்லணும்னு இருந்தேன், போன்ல வரல.

தெரியல. கேஜ் போடுன்னு சொல்லட்டுமா, வேணாம்னு சொல்லட்டுமா, நீ இன்னா கேட்டாலும் எனக்குத் தெரியல. ரஃபத்துகிட்ட இன்னான்னு சொல்வேன்? அவ அல்லாகிட்ட துஆ கேட்டு வாங்கிக் குடுத்தது. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா அந்த ராத்திரில அல்லாகிட்ட தப்பா கேட்டுட்டோம் போலன்னு அவ மேலயே பழியப் போட்டுப்பா. எனக்கு அவளத் தெரியும். வெல்டிங் ஆளு வரட்டும், வந்து இன்னா பண்ணுவானோ பண்ணட்டும்னு கூட தோணுது. வண்டியாச்சும் ரேஸ் வண்டியா ஆவட்டும். வேற யாராச்சும் ஓட்டட்டும், நீயே ஓட்டு. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கறேன். இல்ல, வேணாம், இரு, இன்னும் நாலு நாள் குடு. நாலு நாள் குடுத்தா மட்டும் இன்னா ஆவப் போவுது.

அழல தம்பி. நீ ஏன் அப்டிப் பாக்கற. கெளம்பு, பஸ்ஸு போய்டும். பைபாஸுல ஏறிக்கோ, சீக்கிரம் போய்டலாம்.

வசந்து, ஒரு நிமிஷம். கேட் வரைக்கும் நானும் வர்றேன், அதுக்கு முன்னாடி குனிஞ்சு இந்த டேபிளுக்கு அடில பாரு. என் வலது கால்ல செருப்பு இருக்குதா?

இல்லியா. அப்ப மாடிப்படில எங்கயாச்சும் கழண்டிருக்கும். எடுத்தாந்து குடுத்துட்டுப் போ.