நிறுத்தச் சொன்ன கை

நடுநாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே! என் சின்ன மகள் பிறந்த அன்று, பிற்பகல் மூன்று மணி வரை என் வீட்டுக்காரரைக் கிரேனை விட்டு இறங்க விடாத அன்றைய மேற்பார்வையாளரும் தாங்கள்தான். நான் மறக்கவில்லை. இருந்தாலும் வணக்கம்.

முன்வரிசையை முழுதாக நிறைத்திருக்கும் மூத்தவர்களே, முட்டிவலியோடு மூன்று மாடி ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, சிமெண்டு சுமந்து சிரசு தேய்ந்த என் சகோதரிகளே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நிற்கும் வெல்டர் தம்பிகளே, எனக்கு இடப்புறம் அமர்ந்திருக்கும் நன்கொடையாளர் அவர்களே, அதாவது என் மகனே, எல்லாருக்கும் என் வணக்கம்.

என்னை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். செயலாளர் தாளில் எழுதிக்கூடக் கொடுத்தார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் தாளை மடித்து வைத்துவிட்டேன். என் தலைக்குள் இருப்பது எதுவும் அழிவதில்லை. அழிவதெல்லாம் பெட்டிக்குள்தான்.

இதோ, துணி போட்டு மூடியிருக்கிறதே, அது என் மகன் சங்கத்துக்குத் தரும் டிவி. அதன் கீழே இருப்பது படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி. தட்டில் இருக்கிறதே வெள்ளைக் கோல், அது கேம் விளையாடுகிற கோல். கையில் பிடித்து வீசினால் திரைக்குள் பந்து பறக்கும். அதையே ரிமோட்டாக மாற்றியிருக்கிறான். இனி உங்களுக்குப் பட்டன் கிடையாது, கை அசைத்தால் போதும். இந்தக் கூடையில் இருப்பவை உங்கள் போன்கள். அதில் இருக்கும் உங்கள் வீட்டுப் படங்களையெல்லாம் இந்தப் பெட்டியில் ஏற்றித் தரப் போகிறான். நல்ல எண்ணம்தான். என் வீட்டுக்கும் இதே எண்ணத்தோடுதான் வந்தான்.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷம் கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டினார். இருபத்தாறு வருஷம் மேலே கிரேனில் உட்கார்ந்து, கீழே காட்டும் கையைப் பார்த்தார். பதினோராம் மாடிக்குக் கண்ணாடிப் பலகை ஏற்றியபோது ஒரு கீறல் விழுந்ததா? விழவில்லை. அந்தக் கைதான் இப்போது நடுங்குகிறது. தண்ணீர் குடித்தால் பாதி சட்டைக்குப் போகிறது.

கோலைக் கொண்டுவந்த அன்று மகன் சொன்னான்: "அப்பா, தூக்கினா சத்தம் கூடும், இறக்கினா குறையும், பக்கவாட்டுல வீசினா அடுத்த படம்."

"என் வேலையை எனக்கே சொல்லித் தர்றியாடா?" என்று சிரித்தார் இவர்.

திரையில் ஓடும் அம்புக்குறிக்குக் கொக்கி என்று பெயர் வைத்தார். "இன்னும் கொஞ்சம் கீழ, கொஞ்சம் கீழ, விடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். அதை நான் மறைக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்த பழைய ரிமோட்டை என் மகன் குப்பையில் போட்டான். போனில் இருந்த படங்களையும் பெட்டிக்கு மாற்றிவிட்டு, போனைக் காலி செய்து வைத்துவிட்டான்.

அந்தப் படங்களில் ஒன்று எங்கள் சின்னவள்.

பத்தொன்பது வயதில் போனாள். எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் வெளியே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், என் வாயால் வராது. அவள் பேசி, அசைந்து, எங்களிடம் மிஞ்சியது நாற்பது விநாடி. அடுக்களை வாசலில் ஈரத்தலையோடு நிற்கிறாள். கையில் பாதி கடித்த பிஸ்கட். போனைப் பிடித்திருப்பது இவர். "போதும்ப்பா, தலையாவது சீவிட்டு வரேன், அப்புறம் எடுங்க" என்கிறாள். இவர் நிறுத்தவில்லை. உடனே கையை நீட்டுகிறாள், உள்ளங்கையைக் கீழே பார்க்க வைக்கிறாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுகிறாள். இப்படி.

இது என்ன சைகை? சத்தமாகச் சொல்லுங்கள்.

ஆமாம். நிறுத்து.

பள்ளிக்கூடத்தில் எதைக் கற்றாளோ இல்லையோ, அப்பாவின் சைகை அத்தனையும் அவளுக்குத் தெரியும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் படம். அவள் கை நீட்டும் இடத்தில் படத்தை நிறுத்த வேண்டும் என்பது இவருக்கு ஆசை. கொஞ்ச நேரம் அவள் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கோலின் அடியில் கடுகளவு பட்டன் இருக்கிறதாம். நடுங்கும் கட்டைவிரலுக்கு அது அகப்படுமா? அதனால் இவர் என்ன செய்வார்? அவள் காட்டும்போது இவரும் காட்டுவார். மகள் நிறுத்து என்பாள், அப்பாவும் நிறுத்து என்பார். பெட்டிக்கு மட்டும் அது அடுத்த படம்.

அடுத்த படம் என்ன தெரியுமா? என் மகன் கார் வாங்கிய படம். ஒவ்வொரு சாயங்காலமும் என் மகள் போவாள், கார் வரும்.

சிரிக்கலாம், தப்பில்லை. நானும் முதலில் சிரித்தேன்.

"அந்தப் பழைய ரிமோட்டைக் கொண்டாடா" என்று மூன்று தடவை கேட்டார். "பழகிடும்ப்பா" என்றான். மூன்று தடவையும் அதே பதில்.

ஒரு நாள் சாயங்காலம் நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையில் ஈரத் தலையணை உறை. உள்ளேயிருந்து, "இங்க வா, என்னமோ கேக்குது" என்று கூப்பிட்டார். கோலை உதறினால் படத்தை அழித்துவிடும் என்று அமைத்திருக்கிறான் பிள்ளை. இவர் உதறவில்லை ஐயா, இவர் கை உதறியது. திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 'அழிக்கட்டுமா? வலது பக்கம் வீசினால் ஆமாம், இடது பக்கம் வீசினால் வேண்டாம்' என்று கேட்டிருக்கிறது. பிற்பாடுதான் தெரிந்தது.

அப்போது நான் ஒன்று சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இந்த மேடையில் சொல்கிறேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றேன்.

அவர் நிறுத்தினார். கையை நீட்டினார், உள்ளங்கையைக் கீழே வைத்தார், வலது பக்கம் வீசினார். இடது பக்கம் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் நின்ற கட்டம் மறைந்தது. கார் நகர்ந்து வந்து அவள் இடத்தில் நின்றது.

என் மகன் போனில் என்ன சொன்னான்? "கேட்டுத்தானே அழிக்குது, நீங்கதான் ஆமாம்னு சொல்லியிருக்கீங்க." இரண்டு நாள் லீவு போட்டு வந்து பெட்டியைத் தோண்டினான். கிடைக்கவில்லை. என் மடியில் விழுந்து அழுதான். அவன் சொன்னதையும் நான் மறக்கவில்லை, அழுததையும் மறக்கவில்லை.

தலைகுனியாதே, நான் பேசி முடிக்கிறேன்.

இரண்டு டன் கம்பி அந்தரத்தில் தொங்கியபோது அவர் கை அசைந்தது, கம்பி நின்றது. கல் நின்றது, கலவை நின்றது, காற்றில் சுழன்ற கண்ணாடி நின்றது. கீழே நின்ற நீங்கள் எல்லாரும் தலையோடு வீட்டுக்குப் போனீர்கள். என் வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டி மட்டும் ஏன் நிற்கவில்லை? யாருடைய கைக்காக அதைச் செய்தார்கள்? இந்தச் சங்கத்தில் கை நடுங்காதவர் எத்தனை பேர்?

என்ன பெயிண்டர் அண்ணே, உங்களுக்கு நடுங்காதா? சரிதான், டம்ளர்தான் நடுங்கும்.

தாய்மார்களே, நான் வாழ்த்த வரவில்லை. இந்தக் கூடை இனி என் கையில் இருக்கும். ஒவ்வொருவராக வந்து உங்கள் போனை வாங்கிக்கொண்டு போங்கள். டிவி இருக்கட்டும். கோல் வேண்டாம். பட்டன் வைத்த ரிமோட் ஒன்று வரும்வரை அந்தத் துணியை யாரும் எடுக்கக் கூடாது. தலைவரே, அன்று மூன்று மணி வரைக்கும் அவரை இறங்க விடவில்லையே, அதற்குப் பதிலாக இன்று இதை ஒப்புக்கொள்ளுங்கள்.

தலையாட்டுகிறார். பார்த்துக்கொள்ளுங்கள் எல்லாரும்.

இன்னும் ஒன்று. மூன்றாம் வரிசையில், தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். இடது கையால் சாப்பிடுகிறார். யாரையும் கை காட்டிக் கூப்பிடுவதில்லை. என்னங்க, தப்பு உங்க கையில இல்லைங்க. நான்தான் சொன்னேன். இத்தனை பேருக்கு முன்னால் சொல்கிறேன், நான்தான் சொன்னேன். ஒரு தடவை கையை எடுங்க.

எல்லாரும் காட்டுங்கள் அவருக்கு. நிறுத்து. ஆமாம், அப்படித்தான். வாசலில் நிற்கிற தம்பிகளும் காட்டுகிறீர்கள், நல்லது.

பார்க்கிறார். எல்லார் கையையும் பார்க்கிறார்.

எடுக்கவில்லை.

சரி, கைகளை இறக்குங்கள், தோள் வலிக்கும். சின்னவள் கை நீட்டி நிற்கும் அந்த நாற்பது விநாடி இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நான் இருக்கும்வரை இருக்கும். அதற்கப்புறம் ஆளில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், நடுவில் மைக்கை அணைக்காத மைக்செட்காரருக்கும் நன்றி. போனை வாங்கிக்கொள்ள வரிசையாக வாருங்கள். வணக்கம்.