பெயர் தெரியாதவர் பாடிய ஒப்பாரி

"எம்மா, லைப்ரரில உன் பாட்டு கீதும்மா."

செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஒப்பாரியைப் பற்றி எம்.ஃபில். ஆராய்ச்சி தொடங்கியிருப்பது சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் பெட்டிக்கே தெரிந்துவிட்டது.

"நான் எங்கடி பாட்னேன்?"

"முன்னாடி யாராச்சும் செஞ்சிக்கிறாங்களான்னு பாத்துட்டு வரச்சொல்லி எங்க சார் அனுப்னாரு. பழைய தீசிஸ் ஒண்ணு எடுத்தேன். கடைசி பக்கத்துல நம்ம ஊரு பேரப் போட்டு, அண்ணன் செத்தப்ப நீ அழுதது முழுசா கீது."



"அடப்பாவி! சாவு வூட்ல ரேடியோ வெச்சுகினு ஒருத்தன் நின்னான். நிறுத்துடான்னு திட்னேன்."

"அது ரேடியோ இல்லம்மா, டேப்பு. அந்தத் திட்டக்கூட பாட்டுல ஒரு வரியா எழுதிக்கிறான்."

"எம்புள்ளைக்கு அழுதத எழுதி அவன் பாஸ் பண்ணிட்டானா?"

"உன் பேரு கூட போடல. 'பாடியவர் பெயர் தெரியவில்லை'ன்னு கீது."

"கேட்டானா அவன்? எம்பேரு கெடக்குது. புள்ள பேரு?"

"நாலு எடத்துல கீது. ஜெராக்ஸ் எடுக்க வுடல, கையால எழுதிகினு வந்தேன்."

மகள் நோட்டை விரித்துக் கொடுத்தாள். தாய் அதை மடியில் வைத்து, வரிவரியாக விரலை நகர்த்திக்கொண்டே போனாள். கூடுவாஞ்சேரி தாண்டியபோது விரல் நின்றது.

"இதுல எதுடி அவன் பேரு?"