சரியான விடையைத் தொடவும்

எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்காது. பல் கூசும். ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து கேடயத்தைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இத்தனை கிளைகள் இருக்க, இங்கே மட்டும் ஒருவர் விடாமல் எல்லோரும் எல்லாப் பாடத்திலும் தேறியது எப்படி என்று கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. சொல்கிறேன்.

இங்கே என்னை டீச்சர் என்பார்கள். பயிற்சிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். முன்பெல்லாம் பாலைக் காய்ச்சும் கூடத்துக்குப் பக்கத்து அறையில் வகுப்பு எடுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும். அதற்கு மேல் கத்தினால்தான் காதில் விழும். நான் கத்துவேன், அவர்கள் தூங்குவார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அதைக் கெடுத்தவர் என் அத்தான். அக்கா வீட்டுக்காரர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். குளிரறைப் பொறுப்பு அவருடையது. தொழிற்சாலையில் அவருக்குப் பூட்டு மாமா என்று பேர், எந்தக் கதவைச் சாத்தினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார் என்பதால். மொட்டைத் தலை, அடர்ந்த மீசை, அக்கா பின்னிக் கொடுத்த மெரூன் நிறக் கம்பளிக் குல்லா, உச்சியில் ஒரு வெள்ளைக் குஞ்சம். ஒரு நாள் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

"சார், இந்தப் புள்ள தினமும் தொண்டை கிழியக் கத்துது. எனக்கே தூக்கம் வந்துடுது. பேசாம எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த மாதமே ஆளுக்கொரு டேப்லெட் வந்து இறங்கியது. வகுப்பறையைக் கோன் அட்டைகள் அடுக்க எடுத்துக்கொண்டார்கள். என் நாற்காலியைக்கூட என்னிடம் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் கோபம் என்று சொல்ல மாட்டேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பாடம் தயாரிக்கும் மென்பொருளை நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அது அருமையான சாமான். பொம்மை மனிதர்களை அதுவே தரும். தலைமுடி, சட்டை, கண்ணாடி எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பாடத்துக்கும் இரண்டு பேர் வேண்டும், சரியாகச் செய்கிற ஒருவர், தப்பாகச் செய்கிற ஒருவர். சரியாகச் செய்கிறவளுக்கு ஒற்றைப் பின்னல் போட்டுவிட்டேன். என்னைப் போலவே இருக்கிறாள் என்று பலர் சொன்னார்கள், நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பாகச் செய்கிறவருக்கு முடியை எடுத்தேன். மீசை வைத்தேன். தலை வெறுமையாக இருந்ததால் ஒரு குல்லா போட்டேன். நிறங்களின் வரிசையில் மெரூன் இருந்தது. குஞ்சமும் இருந்தது.

முதல் பாடத்தில் அந்தக் குல்லாக்காரர் கை கழுவாமல் வேலைக்கு வந்தார். அவ்வளவுதான். அடுத்ததில் கோன்கள் மேல் தும்மினார். அதற்கடுத்ததில் ஈரத் தரையைத் துடைக்காமல் போய், பின்னால் வந்தவரின் இடுப்பை ஒடித்தார். பாட முடிவில் கேள்வி வரும்: "தவறு செய்தவர் யார்? சரியான விடையைத் தொடவும்." குல்லாவைத் தொட்டால் பச்சை டிக், கைதட்டல், மேலிருந்து வண்ணக் காகிதம் பொழியும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. வகுப்பில் குறட்டை விட்ட அதே ஆட்கள் டீ நேரத்தில்கூடத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். போகப் போகக் கேள்வியைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தேர்ச்சி விகிதம் ஏறியதற்கு முதல் காரணம் அது, குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தான் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். "பாப்பா, உன் பாடத்துல வர்ற ஆளு நம்ம ஜாடையா இருக்கானே" என்று சிரித்தார். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு நான் பாப்பாதான். அக்காதான் போன் பண்ணினாள்.

"ஏண்டி, அந்தக் குல்லா நான் பின்னுனதுதானே?"

"குல்லான்னா எல்லாக் குல்லாவும் ஒண்ணு போலத்தான்க்கா இருக்கும்."

"குஞ்சம்கூடவா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

திருட்டுத் தடுப்புப் பாடம் வந்தபோது குல்லாக்காரர் சட்டைக்குள் கோன்களைச் செருகிக்கொண்டு போனார். யாராவது ஒருவர் செருகித்தானே ஆகவேண்டும். அதற்கடுத்த வாரம் வாசலில் வாட்ச்மேன், அத்தானின் பையை மட்டும் திறந்து பார்த்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. பேக்கிங் பெண்கள், அத்தான் பக்கத்தில் போனால் டப்பாக்களை மூடினார்கள். கேன்டீனில் யாருடைய சாப்பாட்டு டப்பாவோ காணாமல் போனால், எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. ஒரு விஷயத்தை மனசில் பதிய வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பயிற்சித் துறையில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பதிந்திருந்தது.

அத்தானும் மாறினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தவர் மூன்று தடவை இழுத்தார். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து ஒருமுறை இழுப்பார். கழுவின கையையே கழுவிக்கொண்டிருப்பார். பாடங்களில் மட்டும் அவர் தேறுவதே இல்லை. குளிரில் மரத்துப்போன விரல், டேப்லெட் அதை மதிக்காது. அழுத்தி அழுத்தித் தப்பான இடத்தில் பட்டு, உர்ரென்று சத்தம் வரும். எங்கள் கிளையின் விகிதத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது மனக்குறை.

இனி, அந்தக் கதவு.

குளிரறைக் கதவைச் சாத்துவது எப்படி என்று ஒரு பாடம் வேண்டும் என்றார் மேனேஜர். நிஜக் கதவையே படம் பிடிக்கலாம் என்று சாயங்காலம் கேமராவோடு போனேன். அது தானாகவே சாத்திக்கொள்கிற கனத்த கதவு. படம் எடுக்க விடாமல் சாத்திக்கொண்டே இருந்தது. ஸ்ட்ராபெர்ரிப் பெட்டி ஒன்றை இழுத்து முட்டுக் கொடுத்தேன். கதவு திறந்திருந்தால் கத்துகிற அலாரம் ஒன்று உண்டு. அது ஒலிப்பதிவைக் கெடுத்தது, அணைத்தேன். அத்தான் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க கிளம்புங்க அத்தான். நான் பூட்டிக்கறேன்."

"ரெண்டு தடவ இழுத்துப் பாரு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாடம் நன்றாக வந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், அந்த மாதத்தின் சிறந்த பாடம் என்று நீங்களே கடிதம் அனுப்பினீர்கள். எடுத்ததைச் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தேன். பெட்டியை எடுக்கவில்லை. அலாரத்தையும் போடவில்லை. மனுஷிதானே.

காலையில் வந்தால் லாரி நிற்கிற இடம் வரைக்கும் வெனிலா ஓடியிருந்தது. அதன் மேல் ஸ்ட்ராபெர்ரி, அதன் மேல் பிஸ்தா, பார்க்க அழகாகவே இருந்தது. எறும்புகள் எங்களுக்கு முன்னாலேயே வேலைக்கு வந்துவிட்டன. கோடைக்காக எடுத்து வைத்திருந்த சரக்கு மொத்தமும் போயிற்று. அத்தான் கணுக்கால் வரை ஐஸ்கிரீமில் வாசலில் நின்று, சப்பிப்போன பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பக்கத்தில் என் கேமராவின் முக்காலி நின்றது. அதை எடுத்துத் தன் துண்டால் துடைத்து, கூட்டம் சேர்வதற்குள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"மறந்துட்டுப் போயிட்ட போல" என்றார்.

இதற்கு யார் காரணமோ அந்த ஆளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"விசாரணைன்னு உக்காந்தா இழுத்துக்கிட்டே போகும் டீச்சர். நீங்க ஒரு க்விஸ் போட்டுடுங்க. டேப்லெட்ல ஆளாளுக்குத் தொட்டுட்டுப் போகட்டும்."

நியாயமாகத்தான் போட்டேன். எல்லோருடைய படமும் ஒரே அளவு. என் படமும் உண்டு, கடைசி வரிசையில். "கதவைத் திறந்து விட்டவர் யார்? சரியான விடையைத் தொடவும்." இதில் ஒரே ஒரு சிக்கல். சரியான விடை எது என்று நாம் முன்கூட்டியே குறித்துக் கொடுக்காவிட்டால் அந்த மென்பொருள் பாடத்தைச் சேமிக்காது. அது நான் வைத்த சட்டம் இல்லை. எதையாவது குறித்தாகவேண்டும். குறித்தேன்.

பேக்கிங் பெண் ஒருத்தி முழித்தாள். "யாருன்னு எனக்குத் தெரியாதே டீச்சர்."

"தெரிஞ்சதத் தொடும்மா."

மேனேஜரைத் தொட்டாள், உர். வாட்ச்மேனைத் தொட்டாள், உர், மீண்டும் முயற்சி செய்யவும். மூன்றாவதாகக் குல்லா. கைதட்டல், வண்ணக் காகிதம். "அப்பாடா" என்று போனாள். வாட்ச்மேன் நேராக என் படத்தைத் தொட்டார். அந்தச் சாயங்காலம் நான் கடைசியாக வெளியே போனதைப் பார்த்தவர் அவர். டேப்லெட் உர்ரென்றது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வயசாச்சு, நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்" என்று சொல்லிக் குல்லாவைத் தொட்டார். பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே தேறினார்கள்.

கடைசியாக அத்தான் வந்தார். வலது கையை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கிக்கொண்டார். விரலை வேட்டித் தலைப்பில் துடைத்தார். எல்லாப் படங்களையும் நிதானமாகப் பார்த்தார். என் படத்தின் மேல் கொஞ்ச நேரம் விரல் நின்றது. பிறகு மேலே போய்த் தன் முகத்தைத் தொட்டார். டேப்லெட் கைதட்டியது.

"பாத்தியா பாப்பா, மொதத் தடவையே சரியா வந்துருச்சு" என்றார். பிறகு, "தொண்டையப் பாத்துக்கோ" என்றார்.

ஆமாம், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். கூட்டத்தில் அவர் எழுந்து பேசிய அந்த மாதம் எனக்குத் தொண்டையில் புண். இப்படியே கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அத்தான்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தேர்ச்சிச் சான்றிதழும் வேலை நீக்கக் கடிதமும் அவருக்கு ஒரே நாளில் போயின. சான்றிதழ் தானாகவே போகும், அதை நிறுத்த எனக்குத் தெரியாது. அக்கா என்னோடு பேசுவதில்லை. அத்தான் பேசுகிறார். வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் இதில் தேறினார், தேறாத பழைய பாடங்கள் அவர் பேரோடு பட்டியலை விட்டுப் போயின, அதோடு எங்கள் கிளை முழுமையாகத் தேறியது. நீங்கள் கேடயத்தோடு வந்திருக்கிறீர்கள்.

கதவைத் திறந்து வைத்தது நான்தான், அதில் சந்தேகமே வேண்டாம். பெட்டியை வைத்தது நான், அலாரத்தை அணைத்தது நான், விடையைக் குறித்ததும் நான். அத்தானுக்கும் அது தெரியும். பூட்டிக்கொள்கிறேன் என்று அவரிடம்தானே சொன்னேன், முக்காலியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தானே. எல்லாம் தெரிந்தும் ஒரு மனிதர் தன் முகத்தையே தொட்டார் என்றால் அதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.